தனி ஊசி

என் அண்ணி வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் ஊசியைப் பற்றித்தான் கேட்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உத்திரமேரூரில் பஸ் மாறி, ஊர் எல்லையில் இறங்கி, ஏரிக்கரையோரமாக வெயிலில் நடந்து போய் வாசலில் நிற்பேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

"இன்னா தம்பி, ஆளு இப்பிடி வத்திப் போயிக்கீறே? சாயங்காலம் கம்பவுண்டர் வருவாரு. ஒரு சத்து ஊசி போட்டுக்கினு போ."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி."

"ஒண்ணும் இல்லாதப்பப் போட்டாத்தான் ஒடம்புல நிக்கும். காய்ச்சல்ல போட்டா காய்ச்சலே தின்னுட்டுப் பூடும்."

நானும் சட்டையை மடித்துக் கையை நீட்டிவிடுவேன்.

அவர் என் பெரியப்பா மகனின் மனைவி. வயதில் என்னைவிட மூன்று மாதம் இளையவர். ஆனாலும் அண்ணி அண்ணிதான், நான் தம்பிதான். நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. அந்த வீட்டுக் கூடத்தில் நான் வாங்கிக்கொண்ட ஊசிகள் ஒன்பது. இன்றைக்கு இந்த வயதில் என் ஈரலைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

மனிதர்கள் பலவிதமாக உபசாரம் செய்வார்கள். சிலர் சோற்றைப் போட்டே சாகடிப்பார்கள். அண்ணியின் உபசாரம் ஊசி. நடவு முடிந்ததா, வீட்டில் எல்லோருக்கும் ஊசி. பிள்ளைகளுக்குப் பரீட்சையா, ஊசி. பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வந்தார்களா, மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அத்தனை பேரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்க வேண்டும். மருந்து சின்னப் புட்டியில் தேன் நிறத்தில் இருக்கும். உள்ளே போன மறு நிமிஷமே நாக்கின் அடியில் ஒரு மருந்து வாசனை ஏறும். அந்த வாசனைதான் அண்ணிக்கு அத்தாட்சி.

"வாசன வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."

"அப்ப எறங்கிடுச்சி. போயி மோர் குடி."

இப்படி எங்கள் தெருவில் அவர் கவனிக்காத வீடு கிடையாது. பங்காளி வீடுகள் ஏழு, சம்பந்தி வகையில் இரண்டு. யாராவது சோர்ந்து நடந்தால் அவருக்குப் பொறுக்காது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைப்பார். தங்கமான மனுஷி என்று தெருவே சொல்லிற்று. நானும் சொன்னேன்.

கம்பவுண்டர் உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் இருந்தவர். சாயங்காலங்களில் மொபெட்டில் கிராமம் கிராமமாகப் போவார். முதலில் அவருடைய சொந்த ஊசியைத்தான் எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வழக்கத்துக்கு மாறாக வேறு பாதையில் வந்ததை அண்ணி பார்த்துவிட்டார்.

"எங்கேர்ந்து வரே?"

"காலனில ஒரு கெழவிக்குக் காய்ச்சல்மா. போட்டுட்டு வரேன்."

"அவ கையில குத்தின ஊசிய என் புள்ள கையில குத்துவியா?"

"வெந்நியில கழுவிட்டேம்மா."

"எதுல கழுவினாலும் அவ ரத்தம் அவ ரத்தந்தான்."

அடுத்த வாரமே காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் சொந்தமாக ஒரு கண்ணாடி சிரிஞ்சும் இரண்டு ஊசிகளும் வாங்கிவிட்டார். ஒரு எவர்சில்வர் டப்பாவில் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்து, சாமி மாடத்துக்குக் கீழ்த்தட்டில் வைத்தார். அந்த வீட்டில் டம்ளர்களே மூன்று வகை. எங்களுக்கு ஒரு வகை, வந்துபோகிற மற்றவர்களுக்கு ஒரு வகை, பின்பக்க வேலியில் கவிழ்த்து வைத்த அலுமினியம் ஒரு வகை. அதன் தொடர்ச்சிதான் இது. கம்பவுண்டருக்கும் ஆட்சேபம் இல்லை.

"எனக்கு இன்னாம்மா? ஊசி உங்களுது, குத்தறது மட்டும் நானு" என்று சிரித்தார். ஒன்றை மட்டும் சொல்லிப் பார்த்தார். "ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கொதிக்க வெச்சித் தரணும்."

"கொதிக்க வெச்சா கண்ணாடி வெடிச்சிடும். வெந்நி ஊத்தி இழுத்துப் பீச்சு, போதும். எல்லாம் நம்ம ஜனம். நம்ம ரத்தம் நமக்கு இன்னா பண்ணும்?"

இப்படித்தான் அந்த ஊசி எங்களுக்குள்ளேயே சுற்றியது. அண்ணன் கையிலிருந்து அவர் மகன் கைக்கு, அங்கிருந்து மகள் கைக்கு, பங்காளிகள் கைக்கு, என் கைக்கு. வெளி ஆள் ஒருவரைக்கூடத் தொடவில்லை. தெருவில் அதற்கு மரியாதை கூடிப்போயிற்று. அந்த டப்பாவில் இருப்பதைப் போட்டுக்கொண்டவன் இந்தக் குடும்பத்தவன் என்று அர்த்தம்.

காலனிக்காரர்களும் ஊசி கேட்டார்கள். ஏன் கேட்கமாட்டார்கள்? நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட முதுகு அவர்களுடையது. பின்வாசலில் நின்று, "எனக்கும் ஒரு ஊசி போடச் சொல்லும்மா, ஒடம்பு முறிஞ்சி போவுது" என்பார்கள்.

"உங்களுக்கு இன்னாத்துக்குடி ஊசி? கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு. இந்தா" என்று காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்து, கைபடாமல் மேலிருந்து போடுவார்.

அவர் எங்களுக்குக் கொடுத்த ஊசிகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்க மறுத்த ஊசிகளை எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டியவை அவைதான்.

அந்தக் கூட்டத்தில் அண்ணியிடம் எதிர்வாய் பேசக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். எஸ்தர். பதினைந்து வயதில் அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவள். மாட்டுக்கொட்டகை, நெல் அவிப்பது, பிள்ளைகள் துணி எல்லாம் அவள் பொறுப்பு. "பாதி மாத்திரைக்குப் பாதிக் காய்ச்சல்தாம்மா போவும். மீதிய இன்னா பண்றது, வூட்டுக்கு இட்டுக்கினு போறதா?" என்பாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்னொரு பாதியும் விழும். தலைக்கு எண்ணெய், பழைய புடவை, வெள்ளிக்கிழமைக் கொழுக்கட்டை எல்லாம் எஸ்தருக்கு உண்டு. அவள் வராத நாளில் அண்ணி பின்வாசலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார். பாசம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாசம்தான் அவளுக்கு வினையாக முடிந்தது.

அண்ணியின் மகள் கல்யாணம் வீட்டிலேயே நடந்தது. பின்கட்டில் கோட்டை அடுப்பு போட்டு நாலு அண்டா வைத்திருந்தார்கள். எஸ்தர் மூன்று நாளாக உட்காரவில்லை. முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடக்கும்போது அடுப்பின் பக்கத்தில் அப்படியே சாய்ந்துவிட்டாள். கண் மேலே செருகிவிட்டது. அண்ணி பட்டுப்புடவையோடு ஓடிவந்து மண்ணில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை நான் பார்த்தேன். கம்பவுண்டர் பந்தியில் சாம்பார் சாதத்தில் இருந்தார். எச்சில் கையோடு இழுத்து வந்தார்கள்.

"பை கொண்டாரலயேம்மா. கல்யாணத்துக்குத்தானே வந்தேன்."

அண்ணி உள்ளே திரும்பி, "யாராவது அந்த டப்பாவயும் மருந்துப் புட்டியயும் கொண்டாங்கடா" என்று கத்தினார்.

கம்பவுண்டர் தயங்கினார். "அம்மா, அது உங்க வூட்டு ஊசி."

"தெரியும்யா. பொண்ணு சாவுதுய்யா. போடு."

காலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேருக்கு அந்த ஊசி போட்டிருந்தது. அதற்கு முந்தின நாள் அண்ணனுக்கு. வெந்நீரில் ஒரு தடவை இழுத்துப் பீச்சிவிட்டு எஸ்தருக்குப் போட்டார். மருந்தாலோ, முகத்தில் அடித்த தண்ணீராலோ, அவள் எழுந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குக் காலனியில் அவளுக்கு அதுதான் பெருமை. "அம்மா எனக்கு சாமி மாடத்து ஊசி போட்டாங்க" என்று எல்லோரிடமும் கையைக் காட்டுவாள்.

மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பும்போது பின்கட்டில் அண்ணி தனியாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். பழைய அலுமினியச் சட்டியில் அந்த சிரிஞ்சும் ஊசிகளும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றினார். கண்ணாடி வெடிக்கவில்லை.

"இன்னா அண்ணி இது?"

"அவளுக்குப் போட்டது இல்ல? அப்பிடியே எடுத்து உள்ள வெக்க முடியுமா?"

அந்த சிரிஞ்சு தன் ஆயுளில் முழுதாகக் கொதித்தது அன்றைக்கு மட்டும்தான். கொதித்து முடிந்ததும் சட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டார்.

அப்புறம் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் வந்தன. கம்பவுண்டர் போய்ச் சேர்ந்தார். டப்பா மட்டும் மாடத்தின் கீழ்த்தட்டிலேயே இருந்தது. அண்ணன் வயிறு வீங்கி, கடைசியில் ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். ஊரில் குடித்துச் செத்தான் என்று பேசிக்கொண்டார்கள். கள்ளின் வாசனைகூட அறியாத மனிதர். அண்ணி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சண்டை போட்டார். சண்டை போட்டு என்ன? வீங்கிய வயிற்றுக்கு எங்கள் பக்கத்தில் அந்த ஒரு காரணம்தான் தெரியும்.

அவர் மகன் குமரேசனுக்கு வளைகுடாப் பக்கம் வெல்டிங் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. விசாவுக்கு முன் சென்னையில் உடல் பரிசோதனை. போனவன் அன்றே திரும்பி வந்து பெட்டியைக் கூடத்தில் தொப்பென்று போட்டான். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட நானும் அங்கே இருந்தேன்.

"அன்ஃபிட்டாம்மா. ரத்தத்துல ஹெபடைட்டிஸ் சி கீதாம். ஈரலத் தின்ற கிருமி."

"உனக்கா? நல்லாத்தானடா கீறே."

"அது மட்டும் இல்ல. அங்க ஒருத்தன் என்னத் தனியா கூப்ட்டு, 'போத ஊசி போடுவியா? உண்மையச் சொல்லு'ன்னு கேக்கறான். வெளிநாட்ல இது அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் ஜாஸ்தி வருமாம்."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "எவன்டா அவன்? என் புள்ள சத்து ஊசியத் தவிர வேற ஊசியக் கண்ணாலகூடப் பாத்ததில்லன்னு சொல்றதுதானே?"

அந்தத் தெருவில் அன்று அதைவிடச் சரியாக யாரும் நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சொன்னவருக்கே அது தெரியவில்லை.

ரத்தம் மூலம்தான் வரும் என்று குமரேசன் செல்போனில் படித்துச் சொன்னான். அண்ணி இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தார். எப்பேர்ப்பட்ட யோசனை! அந்த வீட்டில் எங்கெங்கே வேற்று ரத்தம் பட்டது என்று தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் காலை எஸ்தர் வந்து துடைப்பத்தை எடுத்தாள்.

"அத கீழ போடுடி."

"இன்னாம்மா?"

"உன்னாலதான் வந்துச்சி. அன்னைக்கு அந்த ஊசிய உனக்குப் போட்டேன் பாரு, அதோட போச்சி என் குடும்பம். அவரையும் நீதான் கொன்னே."

எஸ்தர் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்றே நினைத்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சீக்கும் இல்லியேம்மா."

"உனக்கு இருக்காது. கல்லத் தின்ற ஒடம்பு. எங்களுக்குத்தான் தாங்கல. போ."

நான் குறுக்கே போனேன். "அண்ணி, அவளுக்குப் போட்டப்புறம் நீங்கதான் கொதிக்க வெச்சீங்க. நானே பாத்தேன். அதுல எதுவும் உயிரோட மிஞ்சாது."

"முழுசா கொதிச்சிருக்காது தம்பி. நீ ஆம்பள. உனக்கு அடுப்பப் பத்தி இன்னா தெரியும்?"

ஒரு வாரத்தில் எங்கள் தெருவின் ஒன்பது வீடுகளிலும் எஸ்தருக்குக் கதவு சாத்தியாயிற்று. மளிகைக்கடையில் அவள் கொடுத்த பையைக் குச்சியால் இழுத்தார்கள். காலனியிலேயே சிலர் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். நோய்க்கு எங்கள் ஊரில் ஆங்கிலப் பெயர் நிலைக்கவில்லை. எஸ்தர் சீக்கு என்றுதான் பெயர்.

அதனால் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும், முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் விட்டார்கள். இரண்டு கோடு வந்தால் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம். எஸ்தர் என்னிடம் சொன்னாள்: "ஒத்தக் கோடு வரட்டும் ஐயா. அந்த அட்டய அம்மா வூட்டுக் கதவுல ஒட்டிட்டு வரேன்."

முடிவை அவரவரிடம் தனியாகத்தான் சொன்னார்கள். ரகசியம் காத்தார்கள். ஆனால் இரண்டு கோடு வந்தவர்களை மறுபரிசோதனைக்குக் காஞ்சிபுரம் அழைத்துப் போக ஒரு வேன் அனுப்பினார்கள். வேனில் ஏறுகிறவர்களை ஊரே நின்று பார்த்தது. நான் எண்ணினேன். எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேர், என்னையும் சேர்த்து. அண்ணியும் குமரேசனும் தனியாகக் கார் வைத்துக்கொண்டார்கள், ஆகப் பதின்மூன்று. காலனியிலிருந்து ஒரே ஒருத்தி. எஸ்தர்.

என் பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரச் சொன்னேன். "வேணாம் ஐயா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். வழியெல்லாம் தன் கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட இடம். அங்கே தழும்புகூட இல்லை.

அண்ணிக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தார். "பாத்தியா தம்பி? காலனில ஒரு உசுருக்கும் இல்ல. அவளுக்கு மட்டும் கீது. அப்ப எங்கேர்ந்து வந்துச்சின்னு நீயே கணக்குப் போடு. நீதான் கணக்குல புலி ஆச்சே."

நான் கணக்குப் போட்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயதுப் பெண். "உங்க ஊர்க் கணக்கு எனக்குப் புரியலைங்க" என்றார் அவர். "வசதி இல்லாத பக்கம்தான் அதிகமா இருக்கும்னு நெனச்சோம். தலைகீழா இருக்கே." நான் அந்த டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் அதற்கெல்லாம் முன்பே வயிற்றுப் புண்ணுக்குச் சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டதையும், அப்போது அவருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியதையும் சொன்னேன். வெளியிலிருந்து வாங்கிய ரத்தம். டம்ளர் யாருடையது என்று பார்க்கிற அண்ணி அந்த ரத்தம் யாருடையது என்று கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் விலைக்கு வாங்கினால் அது சுத்தம்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, இந்தக் கிருமிக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு பாதை என்றார். மேல்நாடுகள் சிலவற்றில் தாங்களே போதை ஊசி குத்திக்கொள்கிற இளைஞர்களிடம் அதிகம். குமரேசனைக் கேட்டவன் அந்த நாடுகளின் கணக்கை இவன் தலையில் வைத்திருக்கிறான். எகிப்தில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கி வேலை செய்த குடியானவர்களுக்கு ஒரு புழு நோய் இருந்தது. அதைத் தீர்க்க அரசாங்கமே நல்லெண்ணத்தோடு ஊர் ஊராக ஊசி போட்டது. புழு போயிற்று, இது வந்தது. ஜப்பானில் பழைய காலத்து ஊசிகளைப் போட்டுக்கொண்ட முதியவர்களிடம் அதிகம். நம் நாட்டில் பெரும்பாலும் வைத்தியத்துக்குப் போட்ட ஊசியும் ஏற்றிய ரத்தமும்தான். கிருமியின் உட்பிரிவுகூட இடத்துக்கு இடம் மாறுமாம். "எந்த ஊர்ல யார் கையை நீட்டினாங்களோ, அவங்ககிட்ட இருக்கும்" என்றார். "உங்க ஊர்ல உங்க தெரு கையை நீட்டியிருக்கு."

நோய் எங்களுக்கு வந்தது அண்ணியின் தாராளத்தால். காலனி தப்பித்தது அவருடைய கஞ்சத்தனத்தால். இதை நான் அவரிடம் ஒருமுறை சொன்னேன். அப்புறம் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை.

வைத்தியம் சுலபம். மூன்று மாதம் தினமும் மாத்திரை, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எனக்குச் சரியாயிற்று. குமரேசனுக்கும் சரியாயிற்று. ஆனால் அந்த அட்டையின் இரண்டாவது கோடு ஆயுசுக்கும் அழியாதாம். கிருமி போன பிறகும், அது வந்துபோன அடையாளம் ரத்தத்தில் நிற்கும். வளைகுடாக்காரர்கள் கோட்டை மட்டும் பார்க்கிறார்கள். அவன் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி.

எஸ்தர் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. அண்ணி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டரையே கேட்டார்: "இத்தினி பெரிய சீக்குக்கு மாத்திரையா? ஊசி இல்லியா?"

"இதுக்கு மாத்திரைதாம்மா."

"வரிசைல எஸ்தருக்கும் இதானே கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும் இதான்."

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைப் பரணில் போட்டார். குமரேசன் கெஞ்சினான். நான் சண்டை போட்டேன். மாத்திரை கூலிக்காரர்களுக்குக் கொடுப்பது என்று அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. வயிறு வீங்க ஆரம்பித்த பிறகு எடுத்துச் சாப்பிட்டார். அதற்குள் ஈரல் கல்லாகியிருந்தது.

அந்த நிலையில் அவர் இருந்தபோதுதான் எஸ்தருக்கு ஒரு வழி திறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி சமைக்க, மகளிர் குழுவிலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் தெருப் பெற்றோர்கள் வரிந்து கட்டிக்கொண்டு போனார்கள். எஸ்தர் சீக்கு உள்ளவள் எங்கள் பிள்ளைக்குச் சமைப்பதா? சமையலால் இது ஒட்டாது என்று டாக்டரே போனில் தலைமையாசிரியைக்குச் சொன்னார். கிருமி இல்லை என்று பரிசோதனையும் சொல்லிற்று. "அட்டையில கோடு இன்னும் வருதே?" என்றார்கள் இவர்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணி ஒரு வார்த்த சொன்னா உங்க தெரு அடங்கிடும். அவங்க கெளப்பினதுதானே? திங்கக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. அதுக்கு மேல என்னால வேலைய நிறுத்தி வெக்க முடியாது" என்றார்.

எஸ்தரை அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கைகால் குச்சியாகி வயிறு மட்டும் எழும்பியிருந்தது. கண் மஞ்சள். எஸ்தரைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பொய் சொல்லவில்லை, வந்தது.

"எஸ்தரா? எளைச்சிட்டியேடி. சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"மாட்டுக்கொட்டாய் நாறுது. இப்ப இருக்கறவளுக்குக் கூட்டவே தெரியல."

எஸ்தர் கட்டில் காலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த ஊசி நீங்க போடச் சொன்னது. எனக்கு உசுரு குடுக்கத்தான் போடச் சொன்னீங்க. அதுலேர்ந்துதான் எனக்கு வந்துச்சி, என்கிட்டேர்ந்து உங்களுக்கு வரலன்னு சொல்லுங்க. நான் உங்களக் கொற சொல்ல மாட்டேன். யாராண்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த வேல மட்டும் போதும்."

அண்ணி அவள் தலையில் கையை வைத்திருந்தார். தடவிக்கொண்டுகூட இருந்தார். நான் இதுதான் சமயம் என்று கட்டிலின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன அத்தனையையும் நிதானமாக எடுத்துச் சொன்னேன். மேல்நாட்டு இளைஞர்களைச் சொன்னேன். எகிப்துக் குடியானவர்களைச் சொன்னேன், அரசாங்கமே போட்ட ஊசியைச் சொன்னேன். ஜப்பானியக் கிழவர்களைச் சொன்னேன். அண்ணனுக்கு ஏற்றிய இரண்டு பாட்டிலைச் சொன்னேன். கொதித்த சட்டியைச் சொன்னேன். இதில் எஸ்தர் எங்கேயும் இல்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். குமரேசன்கூட வாசற்படியில் நின்று தலையாட்டினான்.

அண்ணி முழுதும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. எகிப்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எஸ்தருக்கும் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

கடைசியில் அண்ணி என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த நாட்டுங்கள்ல எல்லாம் வூட்டு வேலைக்கு ஆளு வெச்சிக்க மாட்டாங்களா?"

அவர் கை இன்னும் எஸ்தரின் தலைமேல்தான் இருந்தது. எஸ்தர் அதை எடுத்துக் கட்டிலின் மேல், போர்வைக்குள் வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். "போலாம் வாங்க ஐயா" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உப்புமா கிளறியது வேறு ஒருத்தி.